ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு குரல்: சித் ஸ்ரீராமின் தொடக்க ஆண்டுகள்

2013 பிப்ரவரியில் மணிரத்னத்தின் 'கடல்' திரைக்கு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. பாட்டுகள் தங்கின. அவற்றில் 'அடியே'யைக் கேட்டதும் விரிகுடாப் பகுதித் தமிழ் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி, யார் இந்தப் பையன் என்பதுதான். பதில் உடனே கிடைத்தது. நம்ம ஃப்ரீமாண்ட் பையன்தான், பாட்டு டீச்சர் லதா ஸ்ரீராமோட பிள்ளை. அந்தப் பதிலில் இருந்த பெருமை நியாயமானது. ஆனால் அந்தப் பெருமையோடு நம் விசாரணை முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. நம் ஊர்ப் பிள்ளை ரஹ்மானுக்குப் பாடிவிட்டான். அதற்குமேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

கேட்க இருந்தது. சித் ஸ்ரீராம் திரைப்பாடகராக வேண்டும் என்று கிளம்பியவர் அல்லர். தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாட விரும்பிய இளைஞர் அவர். அமெரிக்காவில் இதற்கு நூறு ஆண்டு வழக்கம் உண்டு. ஒரு கிதாரோ பியானோவோ போதும். அந்தப் பாட்டுக்காரனை நாம் ஏறக்குறையக் கேட்கவே இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்டது அவருடைய தொண்டையை. இந்தக் கட்டுரை அவருடைய முதல் பத்தாண்டுகளை, அதாவது பள்ளி முடித்த 2008இலிருந்து 'என்ட்ரொபி' என்ற முதல் சொந்தத் தொகுப்பு வந்த 2019வரை, அந்தக் கேட்கப்படாத பக்கத்திலிருந்து பார்க்க முயல்கிறது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990இல் சென்னையில் பிறப்பு. ஒரு வயதில் கலிஃபோர்னியா. வீடு முழுக்கச் சங்கீதம்: தாய் கர்நாடக இசை ஆசிரியை, தாய்வழிப் பாட்டனார் ஆர். ராஜகோபாலன் இசை கற்பித்தவர், அக்கா பல்லவி பரதம் ஆடுபவர். பின்னாளில் பி.எஸ். நாராயணசாமியிடமும் பாடம். 2008இல் மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார், 2012இல் பட்டம். அங்கே அவர் எடுத்துக்கொண்டது வாய்ப்பாட்டு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இசைத் தயாரிப்பும் ஒலிப்பொறியியலும்தான் படிப்பு. குரல் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, அந்தக் குரலை ஒலிவாங்கியின் முன் என்ன செய்யலாம் என்பதைத்தான் வெளியே போய்க் கற்க வேண்டியிருந்தது.

பெர்க்லி நாட்களில் அவர் யூடியூபில் ஏற்றிய பாட்டுகளில் அதிகம் பரவியது ஃப்ராங்க் ஓஷனின் 'வீ ஆல் ட்ரை'. 2011இல் வந்த பாட்டு அது. அதை எடுத்துக்கொண்ட இருபத்தோரு வயதுப் பையன் அதில் ஒரு காரியம் செய்கிறார். மூலத்தில் அடக்கமாக, கிட்டத்தட்டப் பேச்சாக வரும் இடங்களைப் பிரித்து விரிக்கிறார். ஒரு சொல்லின் கடைசி உயிரைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு சுரம் இறங்குகிறார். அமெரிக்கக் காதுக்கு இது ஆர் அண்ட் பி ஓட்டம். நம் காதுக்கு வேறெங்கோ கேட்ட வாசனை.

அந்த வாசனையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆர் அண்ட் பி பாடகர் ஒரு சொல்லை இழுத்து அலங்கரிக்கும்போது பெரும்பாலும் படிக்கட்டில் இறங்குகிறார். ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கால் பட்டு நிற்கும். நம் பிருகாவும் அப்படித்தான், வேகம் மட்டும் கூடுதல். ஆனால் கமகம் படிக்கட்டு அல்ல. ஒரு சுரம் பக்கத்துச் சுரத்தைத் தொட்டு ஆடி, தன் இடத்தையே அந்த ஆட்டத்தால் உண்டாக்கிக்கொள்கிறது. தோடி காந்தாரத்தை ஆர்மோனியக் கட்டையில் வாசித்துக் காட்ட முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். பேகடை நிஷாதமும் அப்படி. கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையிலும் இதற்கு ஒரு சகோதரி இருக்கிறாள்: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே, பியானோவில் கட்டை இல்லாத ஓர் இடத்தில் நிற்கும் அந்தக் காந்தாரம். 'நீல சுரம்' என்பார்கள். பியானோக்காரர்கள் இரண்டு கட்டைகளையும் சேர்த்து நசுக்கி அதை ஏமாற்றி வரவழைப்பார்கள். கமகம் பழகிய தொண்டைக்கு அது தெரிந்த வீடு.

ஆக, சித் இரண்டு இசைகளையும் 'கலந்தார்' என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஃப்ரீமாண்ட்டில் சனிக்கிழமை காலையில் தாயிடம் வர்ணம் பாடிவிட்டு மாலையில் ஸ்டீவி வொண்டர் கேட்கும் பிள்ளைக்குக் கலக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே காதுக்குள் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கே ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது என்பதுதான் கேள்வி. 'அடியே' அந்தக் கேள்விக்கு எவ்வளவு நல்ல மேடை என்பது இப்போது திரும்பக் கேட்டால் தெரிகிறது. கறுப்பினத் தேவாலயப் பாடல்களின் சாயல், பின்னால் கூட்டுக்குரல்கள், ஊஞ்சல் போல ஆடும் தாளம். மதன் கார்க்கியின் வரிகள் கடலோர இளைஞன் ஒருவனுடைய பேச்சுத் தமிழில். தமிழ்த் திரைப்பாட்டில் இப்படிப்பட்ட தேவாலயக் குரலுக்கு முன்மாதிரி கிடையாது. பாஸ்டனிலிருந்து ரஹ்மானுக்கு ஒரு மின்னஞ்சலும் தன் பாட்டின் இணைப்பும் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்த கதையைச் சித் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ரஹ்மான் அந்த இணைப்பில் கேட்டது எதை என்று 'அடியே'யே சொல்கிறது. 'வீ ஆல் ட்ரை' பாடிய பையனை அப்படியே தூக்கித் தமிழுக்குள் வைத்தார். வேறு யாராக இருந்தாலும் முதலில் ஒரு மெலடியைக் கொடுத்துச் சோதித்திருப்பார்கள்.

அதன்பின் வந்தது நாம் எல்லோரும் அறிந்தது. ஷங்கரின் 'ஐ'யில் 'என்னோடு நீ இருந்தால்', உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே குடியிருக்கும் பாட்டு. குரலின் நீள அகலத்தைக் காட்ட எழுதப்பட்டது, காட்டியது. எனக்கு அது சீக்கிரம் அலுத்தது. 'தள்ளிப் போகாதே' அலுக்கவில்லை. 'அச்சம் என்பது மடமையடா' 2016 நவம்பரில்தான் திரைக்கு வந்தது. பாட்டு அதற்கு மாதக்கணக்கில் முன்னமே வந்து ஊரை எடுத்துக்கொண்டது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று திரும்பி வந்து கதவைத் தட்டும் அமைப்பு அதில் இல்லை. அது நடந்துகொண்டே போகிறது. முதல் பாதியில் குரல் ஒலிவாங்கிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது, மூச்சு கேட்கிறது. பெர்க்லியில் படித்த படிப்பு இங்கே வேலை செய்கிறது. கச்சேரிக் குரலின் ஒழுக்கம் கூடத்தின் கடைசி வரிசையை எட்டுவது. இந்தப் பாட்டின் குரல் ஒரே ஒரு காதை எட்டினால் போதும் என்று இருக்கிறது.

இது தமிழுக்குப் புதிது என்று சொல்லமாட்டேன். ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் ஒலிவாங்கியை நம்பிப் பாடியவர்கள்தான், டி.எம்.எஸ். போல் அதைத் தாண்டிப் பாடியவர்கள் அல்லர். ஆனால் ராஜா காதோடு பேசினால் அங்கேயே இருப்பார். சித் அந்தக் காதருகிலிருந்து கிளம்பி, அதே பாட்டில், மூன்று நிமிடத்துக்குள் திறந்த தொண்டைக்குப் போய்விடுகிறார். அந்தப் பயணம்தான் அவருடைய சொந்தச் சொத்து. அடுத்த ஆண்டு, இசையமைப்பாளரின் பெயரை மறைத்து வெளியான 'மறுவார்த்தை'யில் அதையே தாலாட்டின் மெதுவான நடைக்குள் செய்தார். தர்புகா சிவாதான் இசை என்று பிற்பாடு தெரிந்தது. இன்று வரை பலருக்கும் அது சித் ஸ்ரீராம் பாட்டு. பாடகர் பெயரால் ஒரு பாட்டு அறியப்படுவது, இசையமைப்பாளர் ஆண்ட நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சின்ன விஷயம் அல்ல.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: தாமரை. 'தள்ளிப் போகாதே', 'மறுவார்த்தை', 'விஸ்வாச'த்தின் 'கண்ணான கண்ணே' மூன்றும் அவர் எழுதியவை. ஆங்கிலச் சொல் கலக்காமல் எழுதுவதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் கவிஞர். அவருடைய தூய தமிழ் கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஒரு தொண்டை வழியாகத்தான் இந்தத் தலைமுறையின் காதல் பேச்சாகப் பரவியது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. இருவருக்கும் லாபம். தாமரையின் ஆண்கள் தயங்குபவர்கள். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லாதவர்கள். அந்தத் தயக்கத்துக்கு ஏற்கெனவே மூச்சாலும் இடைவெளியாலும் பழகிய குரல் கிடைத்தது. சித்துக்கு, தானே எழுதியிருக்க முடியாத ஒரு தமிழ் கிடைத்தது.

எழுதியிருக்க முடியாத என்று சொல்லிவிட்டேன். உச்சரிப்பைப் பற்றிப் பேசாமல் இதைத் தாண்ட முடியாது. ழகர ளகரங்களும் றன்னகர டண்ணகரங்களும் அவர் பாட்டில் படும் பாட்டைப் பற்றி எழுதாத இசை ரசிகர் இல்லை. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சில பாட்டுகளில் சொல் கரைந்தே போகிறது. ஆனால் அதன் காரணத்தை அலட்சியம் என்று முடித்துவிடுவது போதாது. ஆர் அண்ட் பி பாட்டில் மெய்யெழுத்து வழிவிட வேண்டிய இடம். உயிரெழுத்து ஓடுவதற்கான பாதை அது. தமிழில் மெய்தான் பாட்டின் எலும்பு. வல்லினம் இரட்டிக்கும்போது தாளமே அதன்மேல் உட்காருகிறது. ஒரு மொழியின் பாட்டுப் பழக்கத்தை வைத்து மற்றதைப் பாடினால் எலும்பு மெலியும். அவர் மெதுவாகப் பாடும் இடங்களில் அந்த மெலிவே அழகாகிறது, வேகம் கூடும் இடங்களில் வெறும் பிழை.

பி. சுசீலா தெலுங்கர், ஜேசுதாஸ் மலையாளி, ஷ்ரேயா கோஷல் வங்காளி. மூவர் தமிழும் தெளிவு. உதித் நாராயணைக் கேலி செய்துகொண்டே ரசித்தோம். சித் விஷயத்தில் மட்டும் ஒரு கசப்பு சேர்கிறது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வராதா? இந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு அது ஒரு விமரிசனம். எடிசனிலும் ப்ளேனோவிலும் சன்னிவேலிலும் இருந்து கேட்பவர்களுக்கு அப்படி இருக்க முடியாது. நம் பிள்ளைகள் பாட்டு வகுப்புக்கு எடுத்துப்போகும் நோட்டைத் திறந்து பாருங்கள். கீர்த்தனை ரோமன் எழுத்தில் இருக்கும். ணகரமும் னகரமும் அங்கே ஒரே 'என்'. ளகரமும் லகரமும் ஒரே 'எல்'. எழுத்தில் இல்லாத வேறுபாட்டை நாக்கு எங்கிருந்து கற்கும்? 1990களில் இங்கே ஒரு தமிழ்க் குழந்தைக்குக் கர்நாடக சங்கீதம் கிடைப்பது தமிழ் கிடைப்பதைவிட எளிது. க்ளீவ்லண்ட் ஆராதனை 1978இலேயே தொடங்கிவிட்டது; கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் இங்கே குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கியது 1998இல். இருபது ஆண்டு இடைவெளி. நாம் முதலில் கட்டியது சபையை. பள்ளியைப் பிறகுதான் கட்டினோம்.

சரி, அந்தப் பாட்டுக்காரன் எங்கே?

2019இல் 'என்ட்ரொபி' வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் அவர் உச்சத்தில் இருந்த நேரம். முந்தைய ஆண்டுதான் 'கீத கோவிந்தம்' படத்தின் பாட்டு ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் கலக்கியிருந்தது. தானே எழுதிய பாட்டுகள், ஆங்கிலத்தில். சமூகக் கூட்டங்களில் சித் ஸ்ரீராமின் இருபது பாட்டுகளை வரிசையாகச் சொல்லக்கூடிய நண்பர்களிடம் இந்தத் தொகுப்பைப் பற்றிக் கேட்டால், 'அது இங்கிலீஷ் ஆல்பம் இல்லையா' என்பார்கள். கேட்டவர் ஒருவரோ இருவரோ. நியூ ஜெர்சியில் அவர் கச்சேரிக்கு நூறு டாலர் கொடுத்துப் போகிறோம். அவர் தன் சொந்தப் பாட்டைத் தொடங்கும்போது சமோசா வாங்க எழுந்துபோகிறோம். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். கொஞ்சம்தான்.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 'என்ட்ரொபி'யின் சொற்கள் மெலிந்தவை. 'இட் இஸன்ட் ட்ரூ' போன்ற பாட்டில் குரல் செய்யும் வேலையும் அடுக்கிவைத்த ஒலிகளின் செழுமையும் முதல் தரம். எழுத்து அந்த உயரத்தில் இல்லை. காதல், ஐயம், தன்னைத் தேடுதல், காயம் ஆறுதல். எல்லாம் பொதுப் பெயர்கள். ஒரு தெரு இல்லை, ஒரு சமையலறை இல்லை. ஃப்ரீமாண்ட் இல்லை. சனிக்கிழமை காலையில் அடுத்த அறையில் முப்பது பிள்ளைகள் மாயாமாளவகௌளை பாடும் வீட்டில் வளர்ந்த ஒருவன் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பாட்டு வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. இந்தப் பாட்டுகளை, குரலை நீக்கிவிட்டால், அட்லான்டாவிலோ டொரான்டோவிலோ இருக்கும் வேறு இருநூறு இளைஞர்கள் எழுதியிருக்கலாம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு எனக்கு ஒரு விடை தோன்றுகிறது. பாட்டெழுதுபவன் சின்ன அறைகளில்தான் வளர்கிறான். இதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜோன் பயஸ் பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1958இல் குடும்பத்தோடு பாஸ்டன் பக்கம் போய், கேம்பிரிட்ஜில் 'க்ளப் 47' என்ற சின்னக் காப்பிக் கடையில் கிதாரோடு உட்கார்ந்தார். விரிகுடாவிலிருந்து பாஸ்டனுக்கு, ஐம்பது ஆண்டு கழித்துச் சித் போன அதே பாதை. முதலில் நெடுங்காலம் பயஸும் பிறர் பாட்டையும் நாட்டுப் பாட்டையும்தான் பாடினார். முதல் தொகுப்பு 1960இல். அவர் பெயர் சொல்லும் சொந்தப் பாட்டான 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' 1975இல். நடுவில் பதினைந்து ஆண்டு. எந்த வரியில் கேட்பவர் தலை நிமிர்கிறார், எந்த வரியில் காப்பிக் கோப்பையைப் பார்க்கிறார் என்பதை அந்தச் சின்ன அறைகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். பெர்க்லியில் இன்றைக்கும் 'ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜ்' என்ற அரங்கு அந்த வேலையைச் செய்கிறது. (இது கலிஃபோர்னிய பெர்க்லி, பாஸ்டன் கல்லூரி வேறு, எழுத்தும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நம் ழகரத்துக்கு ஆங்கிலம் செய்வதை நாம் அவர்களுக்குத் திருப்பிச் செய்கிறோம்.)

சித்துக்கு அந்த அறைகள் வாய்க்கவில்லை. யூடியூபிலிருந்து ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடம், அங்கிருந்து விளையாட்டரங்கம். ஒரு பாடகனுக்கு இது அதிர்ஷ்டம். பாட்டெழுதுபவனுக்கு இழப்பு. இந்த இழப்பில் நமக்கும் பங்கு உண்டு. நாம் ஏற்படுத்திய மேடைகளை எண்ணிப் பார்ப்போம். சபை மேடையில் அரங்கேற்றம், அதில் மும்மூர்த்திகள். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். திரைப்பாட்டு, கரோக்கி டிராக்கைப் பென் டிரைவில் கொண்டு வரவும். கோடையில் பேரவை விழாவில் சென்னையிலிருந்து வரும் நட்சத்திரம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கிதாரோடு வந்து, நானே எழுதிய பாட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வரும் என்று சொன்னால் எந்த நிகழ்ச்சி நிரலில் அவளை எழுதுவோம்?

இத்தனைக்கும் சொல்லும் மெட்டும் குரலும் ஒரே ஆளிடம் இருப்பது நமக்கு அந்நியம் இல்லை. அதற்கு வாக்கேயக்காரர் என்று பெயரே வைத்திருக்கிறோம். கோபாலகிருஷ்ண பாரதி எழுதியதைத் தானே பாடினார். சுப்பிரமணிய பாரதி ராகம் குறித்து எழுதி, தானே பாடிக் காட்டினார். பாபநாசம் சிவன் எழுதி, மெட்டமைத்து, பாடி, 1930களில் திரையில் நடிக்கவும் செய்தார். அவர் காலத்துக்குப் பிறகு சினிமா அந்த ஒரு வேலையை மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தது. அதனால் நல்ல பாட்டுகள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாடுபவருக்குச் சொந்தச் சொல் இருக்கலாம் என்ற எண்ணமே கேட்பவர் மனத்திலிருந்து போய்விட்டது. இளையராஜா வரி எழுதினால் அது ஒரு கூடுதல் தகவல். கங்கை அமரன் எழுதுவார், இசையமைப்பார், பாடுவார். அவரை நாம் பாட்டுக்காரர் என்றா சொல்கிறோம்? தம்பி என்கிறோம்.

புலம்பெயர்ந்த தமிழருக்குள்ளேயே வேறு வழிகள் இருந்தன. லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன் 2001இல் 'சால்ட் ரெய்ன்' என்ற தொகுப்பில் தியாகராஜரையும் தன் சொந்த ஆங்கிலப் பாட்டையும் கிதார் ஒலிக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான பட்டியலில் அது இடம்பெற்றது. கீர்த்தனையைப் புனிதம் கெடாமல் பாட வேண்டும் என்ற பயம் அதில் இல்லை. சித்திடம் அந்தப் பயம் இருக்கிறது. சபையில் அவர் பாடும்போது கேட்டால் தெரியும், அங்கே அவர் நல்ல மாணவர். இன்னொரு வழி மலேசியாவில். யோகி பி. – நட்சத்திராவின் 'வல்லவன்' 2006இல் வந்தபோது அந்த இளைஞர்கள் ராப்பைத் தங்கள் தமிழில் தாங்களே எழுதியிருந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு அது. அங்கே வகுப்பறையில் எழுதிப் பழகிய மொழி தெருவில் வசைபாடவும் உதவியது. அமெரிக்காவில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பாடுவதற்கான மொழியாகக் கிடைத்திருக்கிறது, எழுதுவதற்கானதாக இல்லை. அழுகையும் தாலாட்டும் அதில் வரும். ஒரு கிண்டல், ஒரு கோபம், ஒரு வாடகைக் கடிதம் வராது.

இதற்கு ஒரு சின்னச் சான்று 'வானம் கொட்டட்டும்'. 2020இல் வந்த அந்தப் படத்தில் சித் இசையமைப்பாளர். முதல் தடவையாக மெட்டு அவருடையது, தமிழ்ப் பாட்டு. 'கண்ணு தங்கோம்' கேட்டவர்களுக்கு அவருக்கு மெட்டு வரும் என்பதில் ஐயம் இருக்காது. மண்வாசனைக்காக வலிந்து எதையும் செய்யாத மெட்டு. சொற்கள் சிவா ஆனந்த் எழுதியவை. மூன்றில் இரண்டு இருந்தது. மூன்றாவதற்கு ஆள் வைக்க வேண்டியிருந்தது.

2023இல் மினியாபொலிஸ் தயாரிப்பாளர் ரயன் ஓல்சனோடு சேர்ந்து செய்த இரண்டாவது ஆங்கிலத் தொகுப்புக்குத் தன் முழுப் பெயரையே வைத்தார்: 'சித்தார்த்'. சுருக்கிய பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட ஒருவர், வீட்டில் வைத்த பெயருக்குத் திரும்புகிறார். அதில் ஒரு பாட்டின் பெயர் 'டியர் சஹானா'. சஹானாவும் ஆடாமல் நிற்காத காந்தாரத்தை உடைய ராகம்தான். அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. முதல் தொகுப்பின் பொதுப் பெயர்களிலிருந்து அவர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம். பயஸின் கணக்கைப் போட்டால் அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

'என்ட்ரொபி'யைச் சென்ற வாரம் மறுபடி கேட்டேன், காரில், 880ஆம் நெடுஞ்சாலையில், ஃப்ரீமாண்ட்டைத் தாண்டும் நேரத்தில். வாகனங்கள் நகரவில்லை. சொற்கள் ஓடிக்கொண்டிருந்தன, மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. பிறகு ஓரிடத்தில் சொல் தீர்ந்துபோய் வெறும் அகாரம் தொடங்கியது. ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. தாய் சொல்லிக்கொடுத்த ஆ. பின் இருக்கையில் ஹெட்ஃபோன் போட்டிருந்த மகள் அதைக் கழற்றிவிட்டு, 'இது யாரு?' என்றாள். சொன்னேன். 'கண்ணான கண்ணே பாடினவரா? இது அவர் எழுதினதா?' என்று கேட்டுவிட்டு, முதலிலிருந்து வைக்கச் சொன்னாள்.